பூட்டு தீர்ப்பாகாது

தம்முடைய பொருளைச் செலவிட்டுக் கட்டிய வீட்டைத் தாம் வேண்டும்பொழுது திரும்பப் பெறுவதற்கு வேறொருவருடைய அநுமதி எதற்கு என்று வீட்டு உரிமையாளர் பலர் மனமாரக் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் வஞ்சகம் இல்லை. ஆனால் அதன் அடியில் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. வீட்டின் சொத்துரிமை வேறு. அதன் சுவாதீனம் வேறு. வாடகைக்கு விட்ட அன்றே உரிமையாளர் சொத்துரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, சுவாதீனத்தை மட்டும் ஒரு விலைக்கு மற்றொருவரிடம் ஒப்புவித்துவிடுகிறார். அதைத் திரும்பப் பெறும் பாத்தியதை அவருக்கு ஒரு காலத்தில் உண்டாகலாம். ஆனால் உண்டாகிவிட்டதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருநாளும் அவரைச் சேர்ந்ததன்று. அது நீதிமன்றத்தைச் சேர்ந்தது. குடியிருப்பவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரம் பார்த்து அவர் கதவில் வேறொரு பூட்டைப் பூட்டுகிறவர், தம் வழக்கில் தாமே வாதியாகவும், தாமே நீதிபதியாகவும், தீர்ப்பை நிறைவேற்றும் அமீனாவாகவும் அமர்ந்துகொள்கிறார். அதை ஒரு குற்றமாக உணராமல், வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே நேர்ந்த மனஸ்தாபமாகவே நம் சமூகம் கண்டு கடந்து போகிறது என்பதுதான் என் முறையீடு.

பலாத்காரமாக வெளியேற்றுதல் என்றவுடன் அடியாட்களும், தெருவில் இறைந்து கிடக்கும் பாத்திரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வாறு நடப்பதும் உண்டு. ஆயினும் பெரும்பாலான வெளியேற்றங்கள் ஓசையின்றியே நடந்தேறுகின்றன. தண்ணீர் மோட்டாரைப் போடாமல் இருந்துவிடுதல். மாடித் தொட்டியிலிருந்து ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு இறங்கும் குழாயின் வால்வை மட்டும் மூடிவிடுதல். மின் இணைப்பு தம் பெயரில் இருக்கிறது என்ற துணிவில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுதல். பல குடித்தனங்களுக்குப் பொதுவான கழிப்பறைக்குப் பூட்டுப் போடுதல். மராமத்து என்ற பெயரால் கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, மழைக்காலம் முடியும்வரை கொத்தனாரை அனுப்பாதிருத்தல். இவையெல்லாம் கையை ஓங்காமல், குரலை உயர்த்தாமல் செய்யக்கூடியவை. இவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. முதல் தேதியில் வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வாங்காமல் திருப்பியனுப்பிவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து வாடகைப் பாக்கி என்ற குற்றச்சாட்டோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதே அது.

இவற்றின் பலம் கொடுமையில் இல்லை. குடியிருப்பவரின் மானத்தில் இருக்கிறது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க, பெண்கள் பக்கத்து வீட்டுக் குழாயடியில் குடத்தோடு நிற்க, தெருவார் பார்த்துக்கொண்டிருக்க, நியாயம் தம் பக்கம் இருக்கிறது என்று நன்கு அறிந்த குடும்பங்களும் ஒரு வாரத்துக்குமேல் தாக்குப்பிடிப்பதில்லை. அதன்மேல் அட்வான்ஸ் தொகை என்ற கட்டு வேறு இருக்கிறது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நெடுங்காலச் சம்பிரதாயமாக இருந்து வந்திருக்கிறது. அந்தத் தொகை முழுவதும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கையில், வழக்காடிப் பார்க்கலாம் என்று சொல்லும் துணிவு மாதச் சம்பளக்காரருக்கு எங்கிருந்து வரும்? வெள்ளையடித்த கூலி, உடைந்த கைப்பிடி என்று எதைக் கழித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, லாரியைப் பேசிச் சாமான்களை ஏற்றிப் போய்விடுகிறார்கள். அவ்வாறு போனவர்களின் பெயர் எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகையால் இப்படி ஒரு துன்பம் நாட்டில் பரவலாக உண்டு என்பதே அரசாங்கத்தின் கண்ணுக்குப் படுவதில்லை.

சட்டம் இதில் தடுமாறுகிறதா என்றால், இல்லை. வியக்கத்தக்க தெளிவோடு, நூறாண்டுகளாக ஒரே குரலில் பேசிவருகிறது. மிட்னாபூர் ஜமீன்தாரி கம்பெனி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1924-ஆம் ஆண்டிலேயே, இந்தியாவில் ஒருவருக்குச் சுவாதீனம் பெறும் பாத்தியதை இருப்பினும் அதைப் பலாத்காரமாக எடுத்துக்கொள்ள அநுமதியில்லை, நீதிமன்றத்தின் மூலமே பெறவேண்டும் என்று கூறிவிட்டது. சுதந்தர இந்தியாவின் உச்ச நீதிமன்றம், லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் 1968-இல் அதையே ஏற்று, குத்தகைக்காலம் முடிந்துபோன பின்னரும் உரிமையாளர் தாமாகப் புகுந்து குத்தகைதாரரை அப்புறப்படுத்த முடியாது என்று உறுதி செய்தது. 1989-இல் கிருஷ்ணராம் மஹாலே வழக்கில் இன்னும் ஒரு படி சென்று, தொடர்ந்திருக்கும் உரிமை இல்லாதவராயினும், ஓரிடத்தில் நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவரைச் சட்டவழியன்றி வெளியேற்றலாகாது என்று அது தீர்ப்பளித்தது.

இவற்றுக்கெல்லாம் சாசன ஆதாரமாக நிற்பது, 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. அதற்கு முன்னே 1877-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 9-ஆவது பிரிவாக அது இருந்தது. தம் சம்மதமின்றியும் சட்டவழியன்றியும் அசையாச் சொத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தால் இழந்த சுவாதீனத்தை மீண்டும் பெறலாம் என்பது அப்பிரிவு. அந்த வழக்கில் வீடு யாருடையது என்று நீதிபதி கேட்கமாட்டார். எழுத்து உண்டா, வாடகைப் பாக்கி உண்டா என்ற ஆராய்ச்சியும் அங்கே எழாது. வாதி அங்கே இருந்தாரா, சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டாரா என்ற இரண்டையே கேட்பார். தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது. உரிமையாளர் தமக்கு வேறு பாத்தியதை உண்டு என்று கருதினால், முதலில் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னர்த் தனியே வழக்காட வேண்டியதுதான். ஏழை எளியவருக்கு இத்துணை அநுகூலமான ஒரு விதி நம் சிவில் சட்டங்களில் அரிது. அதை அறிந்தவர்களும் அதே அளவுக்கு அரியவர்களாக இருப்பது வருந்தத்தக்கது. அரசாங்கத்தின்மீது மட்டும் இப்பிரிவின்படி வழக்குத் தொடுக்க இயலாது.

வழக்கில் வென்ற உரிமையாளருக்குங்கூடத் தாமே கதவைத் திறக்கும் அதிகாரம் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். வெளியேற்ற உத்தரவைக் கையில் பெற்றவர், நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்றம் அனுப்பும் அமீனாவின் வாயிலாகவே சுவாதீனம் பெறவேண்டும். பூட்டை உடைக்க நேர்ந்தால் அதற்கும் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். எல்லாப் படிகளையும் கடந்து வெற்றி பெற்றவரையே சட்டம் இவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்றால், ஒரு படியும் ஏறாதவர் கையில் பூட்டோடு வந்து நிற்பதை எவ்வாறு பொறுத்துக்கொள்ளும்? பலர் நினைப்பதுபோல வக்கீல் நோட்டீஸ் வெளியேற்ற உத்தரவும் அன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி மாத வாடகைக் குடியிருப்புக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்தால், குடியிருப்பு ஒப்பந்தம் முடிவடைய வழி உண்டாகிறதே ஒழிய, சுவாதீனம் கைமாறிவிடுவதில்லை. பதினொரு மாத ஒப்பந்தப் பத்திரமும் அப்படித்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதியைத் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. பன்னிரண்டாம் மாதம் பிறந்தவுடன் குடியிருப்பவர் அத்துமீறிப் புகுந்தவராக ஆகிவிடுவார் என்பது அதற்குப் பொருளன்று.

உரிமையாளர்களின் குறையை நான் புறக்கணிக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், நகரங்களில் வீடு கிடைக்காத நெருக்கடியைச் சமாளிக்கப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ப் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1946-இலும் 1949-இலும் சென்னை மாகாணச் சட்டமாகி, 1960-இல் 18-ஆவது சட்டமாக விரிந்து, ஏறக்குறைய அறுபதாண்டுக் காலம் நம் மாநிலத்தை ஆண்டது. போருக்காக வந்த ஏற்பாடு போர் முடிந்து இரண்டு தலைமுறை கடந்தும் தொடர்ந்ததன் விளைவாக, மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கும் போதாத வாடகைக்குப் பெரிய கட்டடங்களை வைத்துக்கொண்டு காலி செய்ய மறுத்தவர்கள் இருந்தார்கள். கணவர் விட்டுச்சென்ற ஒரே வீட்டின் வாடகையை ஜீவனமாக நம்பிய விதவைகள் முன்சீப் கோர்ட்டிலிருந்து உயர் நீதிமன்றம்வரை பதினைந்து, இருபது ஆண்டுகள் அலைந்ததும் உண்மை. அந்தத் தாமதம் ஓர் அநீதியே. ஆனால் நீதி தாமதமாகிறது என்பது நீதிமன்றங்களை விரைவுபடுத்துவதற்குக் காரணமாகலாம். ஒரு குழந்தையின் குடிநீரை அடைப்பதற்குக் காரணமாகாது.

அக்குறையைத் தீர்க்கும் நோக்கத்தோடுதான் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் 42-ஆவது சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இது பல வகைகளில் உரிமையாளருக்குச் சாதகமான சட்டம். வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். வெளியேற்றம் கோருவதற்குரிய காரணங்களும் முன்னைவிட எளியவை. அவ்வாறிருந்தும் அது மூன்று இடங்களில் உறுதியாக நிற்கிறது. வெளியேற்றம் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவினாலேயே நடைபெற வேண்டும். மாறான உடன்பாடு இல்லாதவரை, குடியிருப்புக்கு வாங்கும் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. தக்க காரணமின்றித் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, துப்புரவு முதலிய அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தாமாகவோ பிறர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். காலி செய்விப்பதற்காகவோ வாடகையை உயர்த்துவதற்காகவோ அவை நிறுத்தப்பட்டதாகத் தோன்றினால், முழு விசாரணையும் முடியும்வரை காத்திராமலே வசதிகளை உடனே மீட்டுக் கொடுக்கும்படி அவர் உத்தரவிடலாம்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு செயலற்றுக் கிடப்பதற்கு ஒரு காரணம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. குடியிருப்பு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று சட்டம் விதித்தது. விதி நல்லதுதான். ஆனால் வாய்மொழியாகவே வீடு பிடித்து, துண்டுக் காகிதத்திலும் ரசீது வாங்காமல் வாடகை கொடுத்துவரும் கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில், எழுத்தும் பதிவும் இல்லாதவன் இந்தச் சட்டத்தின் வாசலில் நிற்கும்போதே தயங்க நேரிடுகிறது; எழுத்தில் கொடுக்க மறுப்பவர் உரிமையாளராக இருக்க, அதன் பலவீனத்தைச் சுமப்பவர் குடியிருப்பவராக இருக்கிறார். திருப்பூரின் லைன் வீடுகளில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் ஒடியா, பீகார்த் தொழிலாளர்களும், பதிவு அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத முதியவர்களும் பதிவெண்ணுக்கு எங்கே போவார்கள்? மதுரையின் காம்பவுண்டு வீடுகளில் மூன்று தலைமுறையாக வாழ்பவர்களின் நிலையும் இதுவே.

மற்றொரு காரணம் காவல் நிலையத்தில் இருக்கிறது. அதுவே பெரிய காரணம் என்பது என் துணிபு. பூட்டப்பட்ட கதவின் முன்னிருந்து நேரே நிலையத்துக்கு ஓடுகிறவருக்கு அங்கே கிடைக்கும் முதல் பதில், இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே. இந்தப் பதில் சட்டப்படி தவறானது. அத்துமீறி நுழைதல் என்னும் குற்றத்தைப் பழைய தண்டனைச் சட்டமும் சரி, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவும் சரி, பிறருடைய சுவாதீனத்தில் உள்ள இடத்துக்குள் தீய எண்ணத்தோடு நுழைதல் என்றுதான் வரையறுக்கின்றன. பிறருக்குச் சொந்தமான இடம் என்று வரையறுக்கவில்லை. ஆகவே, குடியிருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ எண்ணி அவர் வீட்டுக்குள் புகும் உரிமையாளரும் அந்தக் குற்றத்தையே செய்கிறார். தன் வீட்டுக்குள் போகும் உரிமையுள்ளவரை வழிமறிப்பது 126-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். ஆள்வைத்து மிரட்டுவது 351-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். நுழைதலும் வழிமறித்தலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்குக் காத்திராமல் போலீசார் தாமே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடியவை. வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பன சிவில் விவகாரங்கள், பூட்டு அவ்வாறன்று. வேதனை என்னவென்றால், சிவில் விவகாரம் என்று குடியிருப்பவரைத் திருப்பியனுப்புகிற அதே நிலையத்தில், உரிமையாளர் செல்வாக்குள்ளவராக இருந்தால், இருவரையும் உட்காரவைத்துப் பேசி, பத்து நாளில் காலி செய்கிறேன் என்று எழுதி வாங்கும் கட்டப் பஞ்சாயத்துக்கு மட்டும் நேரம் இருக்கிறது. அந்த எழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, பயத்தில் மதிப்புண்டு.

மனம் இருந்தால் அரசாங்கத்தால் இதில் செயல்பட முடியும் என்பதற்குச் சமீப காலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்களையும் செவிலியரையுமே தொற்றுக்கு அஞ்சி வீட்டுக்காரர்கள் வெளியேற்றினார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் உறைவிட மருத்துவர் சங்கம் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதி முறையிட வேண்டியிருந்தது. அம்மாதம் 29-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் பிறப்பித்த உத்தரவில், தொழிலாளரையும் மாணவரையும் காலி செய்யும்படி வற்புறுத்தும் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நெருக்கடிக் காலத்தில் குற்றம் என்று கண்டது, நெருக்கடி தீர்ந்தவுடன் சிவில் விவகாரமாக மாறிவிட நியாயம் என்ன இருக்கிறது?

காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் சந்தர்ப்பங்கள் பலவற்றில், சொல்லப்படாத அக்காரணம் சாதியாகவோ மதமாகவோ இருப்பதை நாம் அறிவோம். வீடு பார்க்க வரும்போது சாடையாக விசாரித்தும் தெரியாதுபோன சாதி, ஒரு கல்யாணப் பத்திரிகையாலோ ஊரிலிருந்து வந்த உறவினராலோ தெரிந்துவிட்டால், மறுவாரமே உரிமையாளரின் மகனுக்கு அந்த வீடு தேவைப்படத் தொடங்குகிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அவர்கள் இருக்கும் மனையிலிருந்து தவறான முறையில் வெளியேற்றுவதும், அதன் அநுபவத்துக்கு இடையூறு செய்வதும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தனியே ஒரு குற்றம். கிராமத்து நிலப் பறிப்புக்கு மட்டுமே உரியதென்று எண்ணப்படும் அந்தப் பிரிவு நகரத்து வாடகை வீட்டுக்கும் பொருந்தும்.

குடியிருப்பவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றை அமைதியான காலத்திலேயே செய்துவைக்க வேண்டும். வாடகையை ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கி வழியாகவோ அலைபேசி வழியாகவோ அனுப்பினால், ரசீது கேட்டு மனம் நோகச் செய்யாமலே சாட்சியம் சேர்ந்துவிடும். உரிமையாளர் வாங்க மறுத்தால், மறுத்தார் என்று சும்மா இருந்துவிடாமல், மணியார்டரிலாவது அனுப்பி, திரும்பிவந்த சீட்டைப் பத்திரப்படுத்தவேண்டும். அதன்பின் வாடகை அதிகாரியிடமே செலுத்தவும் சட்டத்தில் வழியுண்டு. எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, அந்த விலாசத்துக்கு வந்த தபால் உறை, இவை ஒவ்வொன்றும் சுவாதீனத்துக்குச் சாட்சி. பூட்டிய பின்னர் ஆத்திரத்தில் தாமே பூட்டை உடைப்பது, நியாயத்தை எதிர்த்தரப்பின் கையில் கொடுத்துவிடும். பூட்டையும் வெளியே எறிந்த சாமான்களையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, எழுத்துமூலமான புகாரைக் கொடுத்து அதற்கு ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று மலைக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும், தொழிற்சாலைத் தொழிலாளரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

ஆனால் பூட்டு விழுந்த இரவில் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது ஆறு மாதம் கழித்து வரும் தீர்ப்பன்று. அந்த இரவில் கதவு திறக்கப்பட வேண்டும். அதற்குரியவர் போலீஸ்காரரையன்றி வேறு யாருமில்லை. ஆகையால், நீதிமன்ற உத்தரவைக் காட்டாமல் பூட்டியவரிடம் உத்தரவைக் கேட்பதும், இல்லையென்றால் பூட்டைத் திறக்கச் செய்து குடியிருந்தவரை உள்ளே விடுவதும், வழக்குப் பதிவதும் நிலைய அதிகாரியின் கடமை என்று மாநிலக் காவல்துறைத் தலைவர் எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் சுற்றறிக்கை அனுப்பவேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் அடைத்த புகார்களை நிலையத்திலேயே வாங்கி, அதே நாளில் வாடகை அதிகாரிக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு வேண்டும். வாடகை ஒப்பந்தப் பதிவை, பிறப்பு இறப்புப் பதிவைப்போல, வார்டு அலுவலகத்திலேயே கட்டணமின்றிச் செய்துகொள்ளவும், உரிமையாளர் கையெழுத்திட மறுத்தால் குடியிருப்பவர் தாமே ஆதாரங்களோடு வந்து தம் குடியிருப்பைப் பதிந்துகொள்ளவும் சட்டத்தில் இடமளிக்க வேண்டும். வாடகை அதிகாரி யார், அவருடைய அலுவலகம் எங்கே என்பதை ஒவ்வொரு காவல் நிலையத்தின் வாசலிலும் தமிழிலும், வெளிமாநிலத் தொழிலாளர் மிகுந்த ஊர்களில் இந்தியிலும் எழுதி வைக்கவேண்டும். இவற்றில் சுற்றறிக்கைக்கும் பெயர்ப்பலகைக்கும் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. ஒரு வார காலத்துக்குள் அவற்றைச் செய்து முடிக்கலாம்.